ஆய்வுக்கு வரும்போது ஒரு மணி நேரம் தரையில் உட்காருங்கள்

பகல்நேரக் குழந்தைகள் காப்பகங்களுக்கு உரிமம் கொடுத்து ஆய்வு செய்யும் அதிகாரிகளுக்கும், அவற்றை நடத்தும் நிர்வாகிகளுக்கும் வணக்கம். காப்பகங்களில் வேலை பார்க்கும் பராமரிப்பாளர்களும் மழலையர் ஆசிரியர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம்.

ஆய்வு என்றாலே பதிவேடு, தீயணைப்புக் கருவி, கேமரா, சுவர் ஓவியம் என்று போய்விடுகிறது. பதிவேடும் தீயணைப்புக் கருவியும் கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரு வயதுக் குழந்தைக்கு அந்த நாள் எப்படிக் கழிந்தது என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. அது தெரிய வேண்டுமானால் கைக்குழந்தைகள் அறையில் ஒரு மணி நேரம் தரையில் உட்காருங்கள். ஏதாவது ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் கவனியுங்கள். எத்தனை முறை யாராவது அதன் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்? அழுதபோது யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் கழித்து? எத்தனை நிமிடம் பெல்ட் மாட்டிய நாற்காலியிலேயே இருந்தது? விழித்திருக்கும் சிறு குழந்தையை ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி உட்கார வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. கடிகாரத்தோடு உட்கார்ந்தால்தான் அது மீறப்படுவது கண்ணில் படும்.

அடுத்து, டயப்பர் மாற்றும் மேசையருகே போய் நில்லுங்கள். காப்பகத்தின் தரம் அங்கே தெரிவது போல வேறெங்கும் தெரியாது. புது டயப்பர், ஈரத் துடைப்பான், கையுறை, விரிக்கும் காகிதம், மாற்று உடை எல்லாம் குழந்தையைப் படுக்க வைப்பதற்கு முன்பே கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு பொருளை மறந்துவிட்டால், பராமரிப்பாளரின் ஒரு கை குழந்தை மேல் இருக்க, உடம்பு அலமாரிப் பக்கம் திரும்பும். புரளக் கற்றுக்கொண்ட குழந்தை விழ அந்த இரண்டு நொடி போதும். துடைப்பது முன்னாலிருந்து பின்னால். அழுக்குக் கையுறையைக் கழற்றிய பிறகே புது டயப்பரைத் தொட வேண்டும். முடிந்ததும் பெரியவர் கையைக் கழுவுவார். குழந்தையின் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பது பல இடங்களில் விட்டுப்போகிறது. படுத்திருந்த நேரம் முழுக்க அந்தக் கை எங்கெல்லாம் போனது என்று பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

மேசையைச் சுத்தம் செய்வதிலும் வழக்கமாக இரண்டு தவறுகள் நடக்கின்றன. சோப்புத் தண்ணீரில் அழுக்கைத் துடைத்தெடுக்காமல் நேராகக் கிருமிநாசினி தெளிப்பது ஒன்று. அழுக்கு இருக்கும் இடத்தில் மருந்து சரியாக வேலை செய்யாது. தெளித்த கையோடு துடைத்துவிடுவது இன்னொன்று. புட்டியில் அச்சிட்டிருக்கும் நேரம் முடியும்வரை மேற்பரப்பு ஈரமாக இருந்தால்தான் கிருமி சாகும். இது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த குழந்தை நனைந்த டயப்பரோடு அழுதுகொண்டு காத்திருக்கும்போது, முதலில் பறிபோவது இந்த நிமிடங்கள்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாப் படியையும் ஒழுங்காகச் செய்தால் ஒரு முறைக்கு ஆறு நிமிடம் ஆகும். ஒரு குழந்தைக்கு நாளுக்கு ஐந்து முறை என்று வைத்தால், ஒருவர் கையில் ஆறு குழந்தைகள் இருக்கும்போது முப்பது முறை. மூன்று மணி நேரம் அதற்கே சரியாகிவிடும். பால் கொடுப்பது, சோறூட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அதற்கு மேல். ஒருவருக்கு மூன்று கைக்குழந்தைகள் என்று நாங்கள் கேட்பது இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் கீழே சட்டமே அதுதான்.

இதே மேசையில்தான் படிப்பும் நடக்கிறது. "இப்போ காலைத் தூக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு கணம் காத்திருந்தால், நாளடைவில் குழந்தை தானே காலைத் தூக்கிக் கொடுக்கும். சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பை அது அங்கே பிடித்துக்கொள்கிறது. குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர் 1946-ல் புடாபெஸ்ட்டில் தொடங்கிய குழந்தைகள் இல்லம், அவசரமில்லாத இந்த நேரங்களைத்தான் தன் வேலையின் நடுவில் வைத்தது. சுவரில் ஒட்டிய எழுத்து அட்டை ஒன்பது மாதக் குழந்தைக்கு இதைச் செய்து தராது.

ஒருவருக்கு எத்தனை குழந்தைகள் என்ற விகிதம் பதிவேட்டில் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். சமையலறையில் நிற்பவரும் அலுவலக அறையில் போன் பேசுபவரும் அந்த எண்ணிக்கைக்குள் இருப்பார்கள். அதனால் காலை பத்தரை மணிக்கு வராதீர்கள். கதவு திறந்த முதல் அரை மணி நேரத்தில் வாருங்கள். பணியாளர்கள் மாறி மாறிச் சாப்பிடப் போகும் மதிய வேளையில் வாருங்கள். மாலையில் கடைசி ஒரு மணி நேரம் வாருங்கள். ஆள் குறைவதால் மாலையில் அறைகளை ஒன்றாக்கிவிடுவார்கள். நான்கு வயதுக்காரர்கள் விளையாடும் பாசிமணியும் பொத்தானும் தவழும் குழந்தையின் வாய்க்கு எட்டுவது அப்போதுதான். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பொம்மைகளைச் சோதிக்க 3.17 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை உண்டு. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்தக் குழந்தைகள் இருக்கும் தரையில் கிடக்கக் கூடாது. அறைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதும், விவாதமே வேண்டியதில்லை.

தூங்கும் அறையை இருட்டாக்கிப் பாட்டுப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தும் பழக்கம் எங்களுக்கு மிகுந்த கவலை தருகிறது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை மல்லாக்க, சமதளமான கெட்டி மெத்தையில், தனியாகப் படுக்க வேண்டும். தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை எதுவும் உடன் இருக்கக் கூடாது. ஆட்டும் நாற்காலியில் தூங்கிப்போனால் எடுத்துப் படுக்கையில் போட வேண்டும். தலை முன்னால் சரிந்து மூச்சுக்குழாய் அடைபடும் ஆபத்து அந்த நாற்காலியில் உண்டு. முகத்தின் நிறமும் நெஞ்சு ஏறி இறங்குவதும் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வேண்டும். பார்த்து வந்த நேரத்தை அப்போதே குறிக்க வேண்டும். மாலையில் ஒரே பேனாவால், ஒரே கையெழுத்தில் நிரப்பிய தாளைக் கண்டால் கேள்வி கேளுங்கள்.

ஒவ்வொரு குழந்தைக்கும் இன்னார் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒருவர் இருக்க வேண்டும். அவர் வராத நாளில் யார் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். எண்ணிக்கையை நிரப்ப எங்களை அறை அறையாக மாற்றும்போது, குழந்தை திங்கட்கிழமை நம்பிய முகம் புதன்கிழமை இல்லாமல் போகிறது. பசிக்கும் தூக்கத்துக்கும் வலிக்கும் அது அழும் அழுகை ஒன்றுபோல இருக்காது. பிரித்தறிய வாரக்கணக்கில் பழக வேண்டும். சம்பளம் போதாமல் ஆட்கள் விலகிப் போகும் ஒவ்வொரு முறையும் அந்த அறிவும் கூடவே போகிறது. சம்பளப் பட்டியலையும், ஓர் ஆண்டில் எத்தனை பேர் விலகினார்கள் என்பதையும் தரத்தின் பகுதியாகவே பாருங்கள்.

மூன்று வயதினரின் எழுத்துப் பயிற்சி நோட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகள் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பென்சிலை முழு முஷ்டியால் பிடித்துத் தோளிலிருந்து எழுதுவார்கள். ஐந்து நிமிடத்தில் கை வலிக்கும், பிறகு நோட்டைக் கண்டாலே முகம் திரும்பும். களிமண் பிசைவது, துணிப்பிடியைக் கிள்ளிப் போடுவது, தண்ணீரைப் பாத்திரம் மாற்றி ஊற்றுவது, மரக்கட்டை அடுக்குவது எல்லாம் அதே விரல்களை எழுத்துக்குத் தயார் செய்கின்றன. ஆனால் கட்டைகள் நிறைய வேண்டும். பத்துப் பேருக்கு இருபது கட்டை வைத்தால் கட்டடம் எழும்பாது, சண்டைதான் வரும். அருகில் இருக்கும் ஆசிரியர் "இது என்ன நிறம்?" என்று கேட்டால் ஒரு சொல் பதிலாக வரும். "இது எப்படி விழாம நிக்குது?" என்று கேட்டுவிட்டு ஐந்து நொடி வாயைத் திறக்காமல் இருந்தால் ஒரு வாக்கியம் வரும். அந்த ஐந்து நொடியைக் கற்றுக்கொள்ள எங்களுக்குப் பயிற்சி நாட்கள் கொடுங்கள், சம்பளத்தோடு.

ஆய்வுப் படிவத்தில் ஒரே ஒரு பக்கம் சேர்க்கச் சொல்கிறோம். பார்த்த நேரம், அந்த நேரத்தில் அறைக்குள் இருந்த பெரியவர்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை, கவனித்த குழந்தையிடம் எத்தனை முறை பேசினார்கள், அது அழுதபோது எத்தனை நிமிடத்தில் ஆள் வந்தது. கையெழுத்துப் போட்டு, பெற்றோர் குழந்தையை விட வரும் வாசலிலேயே அந்தப் பக்கத்தை ஒட்டிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் காப்பகப் பராமரிப்பாளர்களும் மழலையர் ஆசிரியர்களும்