சாயங்காலத்தில் பள்ளிக்கூடக் கூடங்களை ஆட்டம் பழகத் திறந்துவிடுங்கள்

மதுரை மாநகராட்சி மேயர், ஆணையாளர், 100 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் செல்லூரில் குடியிருக்கிறேன். ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. சென்னையில் நடந்த பெரிய சினிமா இசைக் கச்சேரி ஒன்றுக்கு எங்கள் கடையிலிருந்து கூட்டமாகக் கிளம்பினார்கள். மேடை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இடம் வேண்டுமென்றால் டிக்கெட் 5,000 ரூபாய். 500 ரூபாயைத் தாண்டிய டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. பஸ், தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் என் சம்பளத்தில் பாதி போய்விடும். அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவள்தான் நான், ஆசை நிறையவே இருந்தது. ஆனாலும் அந்தப் பணத்தை ஒயிலாட்ட வகுப்புக்கு என்று எடுத்து வைத்துவிட்டேன். மாதம் 600 ரூபாய். ஒரு ராத்திரிக்கு ஆகிற செலவில் ஒரு வருஷத்துக்கு மேல் ஆடலாம்.

ஒயிலாட்டம் நம் தென்மாவட்டத்து ஆட்டம். முன்பு ஆண்கள் மட்டுமே ஆடியது. இப்போது எங்கள் வகுப்பில் பெண்கள்தான் அதிகம். பூக்கட்டும் அக்கா ஒருவர், நர்ஸ் ஒருவர், ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். காலில் சலங்கை, கையில் கலர்த் துணி, வரிசையாக நின்று ஆட வேண்டும். தவிலுக்கு ஏற்ப மெதுவாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடும். துணியை வீசும்போது மணிக்கட்டுதான் சுழல வேண்டும், முழங்கை கிளம்பினால் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் அடித்துவிடும். வரிசையில் ஒருவர் காலைத் தப்பாக வைத்தால் போதும், அந்தச் சலங்கைச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். வாத்தியார் திரும்பிப் பார்க்கவே மாட்டார், யார் என்று பெயரைச் சொல்லிவிடுவார். எல்லார் காலும் ஒன்றாக விழுகிற அன்று கிடைக்கிற சந்தோஷம் எந்த டிக்கெட்டிலும் வராது. இதை முழு மனதோடு சொல்கிறேன்.

டீச்சர் அம்மா மறதிக்குப் பயந்துதான் வந்தார். அவர் பயத்திலும் வழியிலும் நியாயம் இருக்கிறது. நியூயார்க்கில் முதியவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், உடலை அசைத்துச் செய்கிற பொழுதுபோக்குகளில் நடனம் ஆடியவர்களிடம் மட்டுமே மறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. அடவை நினைவில் வைத்துக்கொண்டே பக்கத்து ஆளையும் கவனித்து ஆட வேண்டியிருப்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, உங்களுக்கு எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு இடம் இல்லை. ஒரு வீட்டு மொட்டை மாடியில்தான் வகுப்பு. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் ஆறு மணிக்கும் தரை காலைச் சுடுகிறது. ஐப்பசியில் மழை வந்தால் வகுப்பே இல்லை. கீழ்வீட்டில் படிக்கிற பிள்ளை இருப்பதால் சலங்கையை அவிழ்த்துவிட்டு ஆடிய நாட்களும் உண்டு. சலங்கை இல்லாத ஒயிலாட்டம் என்ன ஆட்டம்? மண்டபம் எடுக்கலாம் என்றால் வாடகையைக் கேட்டதுமே பூக்கட்டும் அக்கா நின்றுவிடுவார். அவர் நின்றுவிடும் வகுப்பு எங்களுக்கு வேண்டாம்.

பிள்ளைகளுக்குக் கலை சொல்லித்தருகிற அரசின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 16 வயது வரைக்கும்தான் சேரலாம். பசுமலை அரசு இசைக் கல்லூரி பெரும்பாலும் முறையாகப் படிக்க வருகிறவர்களுக்கு. வேலை முடிந்து வருகிற பெரியவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கூரை வேண்டும். மாநகராட்சிப் பள்ளிகளிலும் சமுதாயக் கூடங்களிலும் அந்தக் கூரை இருக்கிறது. பள்ளி விட்ட பிறகு பூட்டித்தானே கிடக்கிறது? வாரத்தில் இரண்டு நாள், சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை திறந்துவிட்டால் போதும்.

சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவித்தபோது ஊரே கொண்டாடியது. அவரைப் போல் விருது வராத எத்தனையோ ஒயிலாட்ட, கரகாட்ட, பறையாட்ட வாத்தியார்கள் சுற்றுப்பட்டிக் கிராமங்களில் இருக்கிறார்கள். திருவிழாக் காலம் முடிந்தால் கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தவர்களையே கூப்பிடலாம். சம்பளத்தை மாநகராட்சி கொடுக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. வாடகை இல்லாமல் இடம் கிடைத்தால் நாங்கள் கட்டும் ஃபீஸ் முழுவதும் வாத்தியார் கைக்கே போகும்.

எல்லா வார்டிலும் ஒரே நாளில் முடியாது என்று தெரியும். முதலில் மண்டலத்துக்கு ஒரு பள்ளி போதும், பஸ் வசதியும் பெண்களுக்குக் கழிப்பறையும் தெருவிளக்கும் உள்ள பள்ளியாகப் பாருங்கள். எங்கள் பக்கம் ஒன்று திறந்தால் சாவி வாங்குவது, ஆடி முடித்ததும் கூட்டிப் பெருக்குவது, விளக்கை அணைத்துப் பூட்டிச் சாவியை வாட்ச்மேன் கையில் கொடுப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவும் தயார். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செல்லூரிலிருந்து ஒயிலாட்டம் பழகும் ஒருத்தி