ஐ5ன்னு மட்டும் போட்டா போதாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

காலேஜ் சேர்ற பசங்க செகண்ட் ஹேண்ட் லேப்டாப் எப்படி பாத்து வாங்கறதுன்னு போன இதழ்ல நீங்க போட்ட கட்டுரைய முழுசா படிச்சேன், ஏன்னா எங்க கோத்தகிரி பக்கம் தேயிலை பறிக்கிறவங்க வீட்டுப் பிள்ளைங்க நிறைய பேரு புதுசு வாங்கற நிலைமையில இல்ல, மேட்டுப்பாளையமோ கோயமுத்தூரோ இறங்கி கம்பெனிங்க கழிச்சு விட்ட மெஷின தான் வாங்கிட்டு மேல வர்றாங்க. அவங்க கைக்கு உங்க கட்டுரை போகும். அதனால தான் அதுல இருந்த அந்த டேபிள பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

ரெண்டு மெஷினுக்கும் பிராசசர்ங்கற எடத்துல வெறும் ‘இன்டெல் ஐ5’னு போட்டு ஒண்ணுக்கு 2.5 கிகாஹெர்ட்ஸ், இன்னொண்ணுக்கு 1.6 கிகாஹெர்ட்ஸ்னு போட்டிருக்கீங்க. பாக்கறவங்க எத வாங்குவாங்க? 2.5 தான் பெருசுன்னு அதுக்கு தான் காசு கொடுப்பாங்க. ஆனா அந்த மாடல்கள வச்சு பாத்தா 2.5 போட்டது ஐ5-7200யூ, 2016ல வந்தது, ரெண்டே கோர் (உள்ள வேலை செய்யற தனித்தனி மூளை மாதிரி), நாலு த்ரெட் (ஒரே நேரத்துல ஓட்டற வேலை வரிசை). 1.6 போட்டது ஐ5-8250யூ, அதுக்கு அடுத்த வருஷம் வந்தது, நாலு கோர், எட்டு த்ரெட். கேஷும் (பிராசசருக்குள்ளயே இருக்கற சின்ன வேக மெமரி) 7200யூல 3 எம்பி, 8250யூல 6 எம்பி. ரெண்டுக்கும் கரண்டு கணக்கு அதே 15 வாட் தான், அந்த 15 வாட்ட நாலு கோருக்கு பங்கு வைக்கணும்ல, அதனால தான் அடிப்படை வேகத்த 1.6ன்னு தாழ்த்தி எழுதியிருக்காங்க. டர்போல, அதாவது வேலை கூடும்போது கொஞ்ச நேரம் ஏத்தற வேகத்துல, ஓடும்போது 7200யூ 3.1 வரைக்கும் தான் போகும், 8250யூ 3.4 வரைக்கும் போகும். அப்ப எந்தப் பக்கம் பாத்தாலும் 8250யூ தான் மேல, உங்க டேபிள படிச்சா தலைகீழா தெரியுது.

ஒரே ஒரு வேலைய மட்டும் செஞ்சா, அதாவது ஒரு வேர்டு ஃபைல், நாலு பக்கம் பிரவுசர், அவ்வளவுன்னா ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, அதையும் சொல்லிடணும். வித்தியாசம் தெரியறது பல வேலை ஒண்ணா ஓடும்போது தான். எங்க அக்கா பொண்ணு ஊட்டியில பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படிக்குது, கீழ ஒரு கடையில ஸ்டிக்கர காட்டி “ஐ5 தாம்மா, யோசிக்காத”ன்னு தலையில கட்டினது இந்த 7200யூவ தான். ஆன்லைன் கிளாஸ் ஓடிட்டு இருக்கும்போதே புரோகிராம ரன் பண்ணா டாஸ்க் மேனேஜர்ல (மெஷின் எவ்வளவு வேலை செய்யுதுன்னு விண்டோஸ் காட்டற எடம்) நாலு த்ரெட்டோட கட்டமும் உச்சியில போய் ஒட்டிக்குது, சார் பேசறது வெட்டி வெட்டி கேக்குது. ரேம் 8 ஜிபி இருக்கு, எஸ்எஸ்டி இருக்கு, மாட்டிக்கிட்டது ரெண்டு கோர்ல.

இத விட பெரிய விஷயம் உங்க கட்டுரையில வரவே இல்ல. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்ட நிறுத்திடுச்சு. விண்டோஸ் 11க்கு அவங்க கொடுத்த லிஸ்ட்ல 8250யூ இருக்கு, 7200யூ இல்ல. ஒரு வருஷம் தான் வித்தியாசம், கோடு நட்டநடுவுல விழுந்திருக்கு! லினக்ஸ் போட்டா 7200யூ இன்னும் நல்லா உழைக்கும், அத தெரிஞ்சு விலை கொறச்சு வாங்கறவங்க தாராளமா வாங்கட்டும், தெரியாம வாங்கறது தான் வயித்தெரிச்சல்.

அப்புறம் அந்த வேக டெஸ்ட். ஒரு தடவ ஓட்டி வந்த ஸ்கோர போட்டிருக்கீங்க போல. இந்த நம்பர் கடைசியில யூ போட்ட வகை பிராசசர் எல்லாம் ஆரம்பத்துல கொஞ்ச நேரம் 15 வாட்ட தாண்டி பாயும், அப்புறம் அடங்கிடும், அதுலயும் மெல்லிசான பாடியா இருந்து உள்ள தூசி அடைச்சிருந்தா நாலு கோரும் சேந்து ஓடும்போது 8250யூவும் நல்லாவே எறங்கும். சினிபெஞ்ச் மாதிரி வேகம் பாக்கற சாஃப்ட்வேர் ஒண்ண பத்து நிமிஷம் விடாம ஓட்டி கடைசியில நிக்கற வேகத்த போட்டா தான் அது ஒப்பீடு. எங்க ஊர்ல ‘இந்த குளிருக்கு லேப்டாப் சூடாகவே சூடாகாது’ன்னு சொல்றவங்க இருக்காங்க, பாதி சரி. ஆனா ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காத்தோட அடர்த்தி கடல் மட்டத்த விட சுமார் அஞ்சுல ஒரு பங்கு கம்மி, ஃபேன் அதே வேகத்துல சுத்தினாலும் வெளிய தள்ற காத்து எடை கம்மியா தான் இருக்கும், குளிர்ல கெடச்ச லாபத்துல ஒரு பங்கு அங்க போயிடுது. சென்னையில ஏசி ரூம்ல எடுத்த ஸ்கோர அப்படியே எங்களுக்கு பொருத்த முடியாது.

பேட்டரியிலயும் ஓட்டிப் பாருங்க. ஆடி மழையில மரம் விழுந்து லைன் போச்சுன்னா இங்க கரண்டு எப்ப வரும்னு சொல்லவே முடியாது, சார்ஜர் இல்லாம எப்படி ஓடுதுங்கறது தான் பிள்ளைங்களுக்கு வேணும்.

அதனால அடுத்த இதழ்லயே அந்த டேபிள திருத்திப் போடுங்க. ஐ5ன்னு நிறுத்தாம 7200யூ, 8250யூன்னு முழு நம்பர், கோர், த்ரெட், விண்டோஸ் 11 ஏறுமா ஏறாதா, இவ்வளவு இருந்தா போதும். கடையில டாஸ்க் மேனேஜர தொறந்து பெர்ஃபார்மன்ஸ்ல சிபியூவ அமுக்கினா முழு நம்பரும் கோரும் அங்கயே தெரியும்னு ஒரு வரி சேத்துடுங்க, காசு கொடுக்கறதுக்கு முன்னாடியே பாத்துக்கலாம். அட்மிஷன் சீசன் வந்துடுச்சு, எங்க லைன்லயே ரெண்டு மூணு வீட்ல இப்ப லேப்டாப்புக்கு பணம் பொரட்டிக்கிட்டு இருக்காங்க.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகர்,
கோத்தகிரி