ஃபாரின் கீக்கு நீயே பெயர் வை

அன்பு மாப்ள,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு அவள் ஆசைப்பட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

பழைய பில்லிங் டேட்டாபேஸில் ஃபாரின் கீ, அதாவது ஒரு டேபிளின் வரி இன்னொரு டேபிளில் உண்மையில் இருக்கும் வரியைத்தான் சுட்ட வேண்டும் என்ற கட்டுப்பாடு, சேர்க்கப் போவதாக எழுதியிருந்தாய். நல்ல வேலை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் நீயே பெயர் வை. நீ விட்டுவிட்டால் டேட்டாபேஸ் தானே ஒன்றை வைத்துவிடும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பரவாயில்லை; டேபிள் பெயர், ஃபீல்டு பெயர், கடைசியில் 'எஃப்கீ' என்று ஊகிக்கும்படி வைக்கும். உங்கள் கிளைகளில் ஓடும் எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸோ வாலில் ஒரு ஹெக்ஸ் எண்ணை ஒட்டும். டெஸ்டிங்கில் ஒரு எண், புரொடக்‌ஷனில் வேறு எண். நாளைக்கு அதை நீக்க மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) எழுதும்போது எந்தப் பெயரைச் சொல்லி நீக்குவாய்? மைக்ரேஷன்களை ஓட்டும் அலெம்பிக்கிலும் பெயர் இடத்தில் 'நன்' (பெயர் இல்லை) என்று விட்டால் அப்கிரேடு ஓடும், அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் டவுன்கிரேடு எர்ரர் அடித்து நிற்கும். பைத்தானில் டேபிள்களை விவரிக்கும் எஸ்க்யூஎல்அல்கெமி மெட்டாடேட்டாவில் நேமிங் கன்வென்ஷனை (பெயர் வைக்கும் விதியை) ஒரு தடவை எழுதிவிடு, தீர்ந்தது. கையால் பெயர் எழுதினால் நீளத்தைக் கவனி. 63 பைட்டுக்கு மேல் போனால் போஸ்ட்கிரெஸ் வெட்டிவிடும்.

இன்வாய்ஸ் டேபிள் மிகப் பெரியது என்கிறாய். போஸ்ட்கிரெஸில் நேரடியாகச் சேர்த்தால், பழைய வரிகளையெல்லாம் சரிபார்த்து முடிக்கும்வரை இன்வாய்ஸ், வாடிக்கையாளர் இரண்டு டேபிளிலும் யாரும் எழுத முடியாது. கவுன்டரில் பில் நின்றுவிடும். அதனால் முதலில் 'நாட் வேலிட்' (பழைய வரிகளை இப்போது சரிபார்க்காதே) போட்டுச் சேர். புதிதாக வரும் வரிகளுக்கு அப்போதே காவல் வந்துவிடும். பழைய வரிகளைச் சரிபார்க்கும் 'வேலிடேட் கன்ஸ்ட்ரெயின்ட்' பிறகு, தனி டிரான்சாக்‌ஷனில். இரண்டையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் வைத்தால் முதல் படி எடுத்த லாக் (மற்றவர்கள் எழுதாமல் தடுக்கும் பூட்டு) கடைசிவரை விடாது, பிரித்ததற்கே அர்த்தமில்லை. முதல் படியும் கொஞ்ச நேரம் லாக் கேட்கும். குறித்த நேரத்துக்குள் லாக் கிடைக்காவிட்டால் கைவிடும்படி லாக் டைம்அவுட் வைத்துக்கொள்.

இடையில்தான் உண்மையான வேலை இருக்கிறது. வாடிக்கையாளர் இல்லாத இன்வாய்ஸ்கள் கட்டாயம் வரும். அவசரப்பட்டு டிலீட் அடித்துவிடாதே மாப்ள. ஒவ்வொன்றும் யாரோ பணம் கட்டிய பில். யாருடைய கணக்கு எப்போது அழிக்கப்பட்டது என்று அக்கவுன்ட்ஸ்காரர்களோடு உட்கார்ந்து பார். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும்.

இன்னொன்று, ஃபாரின் கீ இருக்கும் ஃபீல்டுக்கு போஸ்ட்கிரெஸ் தானாக இன்டெக்ஸ் (சீக்கிரம் தேட உதவும் பட்டியல்) போடாது. அதையும் நீயே போட்டுவிடு, இல்லையென்றால் ஒரு வாடிக்கையாளரை நீக்கும்போதெல்லாம் இன்வாய்ஸ் டேபிள் முழுவதையும் தேடும்.

அனாதை வரிகள் எத்தனை வந்தன என்று எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்