காய்ச்சலை எழுதுகிறீர்கள், உதிரப்போக்கை ஏன் எழுதுவதில்லை?

வடசென்னையில் காய்ச்சல் முகாமும் தடுப்பூசி முகாமும் நடத்தும் சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம். கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிப் பேச, போன வாரம் எங்கள் பகுதிப் பள்ளிக்கு அம்மாக்களை அழைத்திருந்தீர்கள். வெளியே ஆயிரக்கணக்கில் விற்கிற ஊசியை 14 வயதுப் பிள்ளைகளுக்கு அரசே போடுவது நல்ல காரியம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கூட்டம் முடியும்போது ஒரு அம்மா எழுந்து, "ஊசி போட்டா பொண்ணுக்கு பீரியட்ஸ் மாறுமா சார்?" என்று கேட்டார். மேடையில் இருந்தவர், "வாட்ஸ்அப்பை மூடி வெச்சிட்டு வாங்கம்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாமலே போய்விட்டார்.

அவர் வாட்ஸ்அப் பார்த்துக் கேட்கவில்லை. காசிமேட்டில் மீன் விற்கிறவர். 2021-இல் ஞாயிற்றுக்கிழமை முகாமில் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். அந்த மாதம் தேதி தள்ளிப்போனது. வந்த பிறகு நிற்காமல் பட்டது. விடியும் முன்னே ஏலத்துக்குப் போய், அன்னக்கூடையைச் சுமந்துவந்து, மதியம்வரை ரோட்டோரம் உட்கார்ந்திருக்க வேண்டிய பிழைப்பு. கழிப்பறைக்கு எழுந்து போனால் மீனை யார் பார்ப்பது? போனாலும் அங்கே தண்ணீர் இருக்க வேண்டுமே. கறுப்புப் புடவையாகப் பார்த்துக் கட்டினார். உட்காரும் பலகையில் கோணியைப் போட்டு, கிளம்பும்போது யார் கண்ணிலும் படாமல் சுருட்டி எடுத்துப்போனார். "மீன் கழுவுன தண்ணின்னு நெனச்சுக்குவாங்க" என்று என்னிடம் சொன்னபோது சிரிக்கத்தான் செய்தார். சுகாதார நிலையத்தில் போய்ச் சொன்னதற்கு, "ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, டென்ஷன்" என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி ஏறவில்லை. இரண்டாவது தவணைக்கு அவர் போகவில்லை. அவர் பேச்சைக் கேட்டு அந்தத் தெருவில் இன்னும் சிலரும் போகவில்லை.

ஊசியால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. கர்ப்பப்பைக் கட்டியாக இருக்கலாம், அதற்கு முன்பே தெரியாமல் வந்துபோன கொரோனாவாகவும் இருக்கலாம். எழுதி வைத்திருந்தால்தானே தெரியும்?

மாதவிலக்குக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் ஊசி போடக்கூடாது என்று 2021 ஏப்ரலில் ஒரு வதந்தி கிளம்பியது. பொய் என்று மத்திய அரசு உடனே மறுத்தது, சரியாகவே. பிறகு 2022-இல் சுமார் 20,000 பெண்களின் மாதக்கணக்கை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. ஊசி போட்ட மாதத்தில் சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத்தான் தள்ளிப்போகிறது, பெரும்பாலோருக்கு அடுத்தடுத்த மாதத்தில் சரியாகிவிடுகிறது என்று அது சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ஃபைசர், மாடர்னா ஊசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் அதிக உதிரப்போக்கைச் சேர்க்கச் சொன்னது. பிள்ளை பெறுவதற்கு ஊசியால் தடையில்லை என்றும் ஆய்வுகள் வந்துவிட்டன. இதில் எது எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது? வதந்தி மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தது.

மேடையில் சிரித்தவருக்கு ஒரு தகவல். ஜப்பானில் இதே கருப்பைவாய் ஊசிமேல் பயம் பரவி, 2013-இல் அந்த அரசே அதை முனைந்து பரிந்துரைப்பதை நிறுத்திவைத்தது. நகோயா மாநகராட்சி என்ன செய்தது தெரியுமா? ஊசி போட்ட பெண்களிடமும் போடாத பெண்களிடமும் படிவம் அனுப்பி, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, அளவு மாறியதா என்பது உட்பட 24 தொந்தரவுகளைப் பற்றிக் கேட்டது. சுமார் 30,000 பேர் பதில் எழுதினார்கள். ஊசிக்கும் அந்தத் தொந்தரவுகளுக்கும் தொடர்பு தெரியவில்லை. காசிமேட்டு அம்மா கேட்ட கேள்விக்கு நேரான, நல்ல பதில் இது. அரை நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

ஊசியோடு முடிகிற விஷயமும் இல்லை. மழை விட்டால் வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் டெங்கு. ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) இறங்கும் நேரத்தில் மாதவிலக்கும் வந்தால் உதிரப்போக்கு ஆபத்தாகிவிடலாம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வயிற்றுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடுகிற மெஃபனமிக் ஆசிட் மாத்திரை, டெங்குவில் தவிர்க்க வேண்டிய வகையைச் சேர்ந்தது. காய்ச்சல் முகாமில் வெப்பமானியை வைக்கிறீர்கள், பாரசிட்டமால் தருகிறீர்கள். "இப்போ பீரியட்ஸா, அதிகமா படுதா, வலிக்கு என்ன மாத்திரை போட்டே?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கடைசியாக எப்போது வந்தது என்று எங்களிடம் கேட்பது ஒரே காரணத்துக்குத்தான்: கர்ப்பமா இல்லையா என்று பார்க்க. கர்ப்பப்பை காலியாக இருந்தால் அதைப்பற்றி அரசாங்கத்துக்குக் கவலையில்லை போலும். நாப்கின் இலவசமாகத் தருகிற அரசு, அது எதற்கு என்று தெரிந்துதான் தருகிறதா என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான். காய்ச்சல் முகாமோ ஊசி முகாமோ, பெண்களுக்கான படிவத்தில் மாதவிலக்கு பற்றி ஒரு வரி சேருங்கள். அதை ஒரு நர்சம்மாவோ பெண் பணியாளரோ தனியாகக் கேட்டு எழுதட்டும். ஊசிக்குப் பிறகு மாற்றம் என்று யாராவது வந்து சொன்னால், சம்பந்தம் உண்டோ இல்லையோ, முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதிகமாகப் பட்டால் லேடி டாக்டரிடம் அனுப்புங்கள்.

பள்ளி முகாம் தேதி இன்னும் அறிவிக்கவில்லை. அதற்குள் அம்மாக்களை இன்னொரு முறை அழைத்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். மதியம் மூன்று மணிக்கு மேல் வையுங்கள். அதற்கு முன்னால் மீன் விற்கிறவர்களால் வர முடியாது.

இப்படிக்கு,
14 வயதுப் பெண்ணின் அம்மா,
வடசென்னை