ஐசோனியசிட் மாத்திரைக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு

அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்களின் தலைவர்களில் ஒருவரான அன்னி டாட்ஜ் வானிக்கா அம்மையாருக்கும், அவரோடு நின்ற நவஹோ மக்களுக்கும் வணக்கம்.

எனக்குக் காசநோய்ச் சிகிச்சை முடிந்துவிட்டது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. ஊரில் நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு நேரிலேயே சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சொல்ல இந்த மடல்தான் வழி.

நான் விழுங்கிய மாத்திரைகளில் ஒன்று ஐசோனியசிட். 1952இல் அந்த மருந்து புதிதாக வந்தபோது அதை முதலில் உட்கொண்டவர்களில் நவஹோ நோயாளிகளும் உண்டு. பெயர் தெரியாத அவர்களுக்கே என் முதல் நன்றி.

அம்மா, எட்டு வயதில், 1918இல் உலகெங்கும் பரவிய ஃப்ளூ காய்ச்சலின்போது, விடுதிப் பள்ளியில் உங்களைவிட மோசமாகக் கிடந்த பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டினீர்களாம். 1951இல் நவஹோ பழங்குடி மன்றத்துக்குத் தேர்வானதும் சுகாதாரக் குழுப் பொறுப்பை ஏற்றீர்கள். உங்கள் மக்களைக் காசநோய் வாட்டிக்கொண்டிருந்த காலம் அது. தொலைதூரச் சானடோரியங்களுக்கு, அதாவது காசநோய் மருத்துவமனைகளுக்கு, அனுப்பப்பட்டவர்களில் பலர் குணமாகும் முன்பே வீடு திரும்பினார்கள். ஆள் இறந்த வீட்டில் தங்கக் கூடாது என்பது உங்கள் மரபு. அப்படிப்பட்டவர்களை, பலர் உயிர்விட்ட கட்டடத்தில், மொழி புரியாதவர்கள் நடுவே மாதக்கணக்கில் படுத்திருக்கச் சொன்னால் எப்படி இருப்பார்கள்? நீங்கள் முதலில் மருத்துவர்களிடம் உட்கார்ந்து அந்த நோயைப் படித்தீர்கள். பிறகு ஹோகன் எனப்படும் நவஹோ வீடுகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினீர்கள். அந்த மண்தரை வீடுகளில் உட்கார்ந்து, கிருமி எப்படிப் பரவுகிறது, சிகிச்சையை ஏன் பாதியில் விடக் கூடாது என்று அவர்கள் மொழியிலேயே சொன்னீர்கள். பிற்பாடு வானொலியிலும் பேசினீர்கள். 1963இல் அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் உங்களைத் தேடி வந்தது.

அந்தப் பதக்கத்தைவிடப் பெரிதாக எனக்குப் படுவது வேறொன்று. சடங்கு செய்து நோய் தீர்க்கும் வைத்தியர்களை நீங்கள் ஒதுக்கவில்லை. அவர்களோடு பேசி இணங்க வைத்தீர்கள். சடங்கும் நடக்கட்டும், எக்ஸ்ரேயும் எடுக்கட்டும் என்று ஏற்றுக்கொண்ட வைத்தியப் பெரியவர்களே, வாழ்நாள் முழுக்கக் கற்ற கல்விக்கு அருகே இன்னொன்றுக்கும் இடம் கொடுக்கப் பெரிய மனசு வேண்டும். உங்களுக்கு என் தனி வணக்கம்.

மாத்திரை ஆரம்பித்து ஓரிரு மாதத்தில் இருமல் நிற்கும், பசி எடுக்கும். இனி எதற்கு மாத்திரை என்று தோன்றுவது அப்போதுதான். எங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளர் அக்கா அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு வந்து, நிறுத்தினால் நோய் எப்படி முரண்டு பிடிக்கும் என்று எனக்குப் புரியும்படி சொன்னார். 1950களில் நவஹோ நிலத்தில் மெனி ஃபார்ம்ஸ் என்ற ஊரின் சிறு மருத்துவ நிலையத்தில் பயிற்சி பெற்ற நவஹோ சுகாதாரப் பணியாளர்கள் மேய்ச்சல் நிலங்களைத் தாண்டிப் போய்ச் செய்ததும் இதே வேலைதான். அவர்களுக்கும், மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவே நின்று பேச்சை மொழிபெயர்த்த ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
சிகிச்சை முடித்து வேலைக்குத் திரும்பியிருக்கும் ஒருவன்