செயின்ட் லெஜரை மூன்று வயதுக் குதிரைகளுக்கே விட்டுவையுங்கள்

பிரிட்டிஷ் குதிரைப் பந்தய ஆணையத்தாருக்கும் டான்காஸ்டர் மைதான நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடும் செயின்ட் லெஜர் பந்தயத்தின் மவுசு குறைந்துவிட்டது என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு யோசனைகள் தலைதூக்குகின்றன. வயது மூத்த குதிரைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. தூரத்தைக் குறைக்கலாம் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் செவிசாய்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். பணம் கட்டி ஆடுவதில் எனக்கு நாட்டமில்லை. குதிரைகளின் வம்சாவளியும் அவை ஓடிய ஓட்டங்களுமே என்னை இதற்குள் இழுத்தவை.

கிளாசிக் என்று அழைக்கப்படும், மூன்று வயதுக் குதிரைகளுக்கான இங்கிலாந்தின் ஐந்து பெரும் பந்தயங்களில் இதுவே மூத்தது. 1776-இல் டான்காஸ்டரின் கேன்ட்லி காமன் வெளியில் இது முதலில் நடந்தபோது, மற்றொரு கிளாசிக்கான எப்சம் டெர்பி பிறக்கவே இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. அன்று வென்ற ராக்கிங்ஹாம் பிரபுவின் பெட்டைக்குதிரைக்கும் பெயர் இல்லை, பந்தயத்துக்கும் பெயர் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான், இதைத் தொடங்கிவைத்த படை அதிகாரி அந்தோணி செயின்ட் லெஜரின் பெயரைச் சூட்டினார்கள்.

இன்று பந்தயம் நடக்கும் டான்காஸ்டரின் டவுன் மூர் மைதானத்தை ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவர வேண்டும். சுமார் 2,920 மீட்டர். கடைசி நேர்பாதை மட்டுமே 900 மீட்டர் வரும். டெர்பியில் 2,400 மீட்டரோடு முடிந்துபோகிற வேகம் இங்கே போதாது. அதற்கு மேலும் 500 மீட்டருக்கு நெஞ்சில் மூச்சு மிச்சமிருக்க வேண்டும். அந்த மூச்சைச் சோதிக்கத்தான் இந்தப் பந்தயமே.

1970-இல் நிஜின்ஸ்கிக்கு நடந்ததை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். ஆகஸ்டில் படர்தாமரை பிடித்து, ரோமம் கொட்டி, பயிற்சி தடைப்பட்டு நின்ற குதிரை அது. அப்படியும் செப்டம்பரில் லெஸ்டர் பிகாட் ஏறி ஓட்ட, செயின்ட் லெஜரையும் வென்று, டூ தவுசண்ட் கினீஸ், டெர்பி, செயின்ட் லெஜர் மூன்றும் சேர்ந்த மும்மகுடத்தைச் சூடியது. அடுத்த மாதமே பாரிஸின் ஆர்க் பந்தயத்தில் தலையளவில் தோற்றது. பழி செயின்ட் லெஜரின் மேல் விழுந்தது. அந்தப் பழி நியாயமே இல்லை என்பேன். குதிரையை வாட்டியது நோய். ஆனாலும் உரிமையாளர்கள் மனதில் அந்தப் பயம் தங்கிவிட்டது. 1989-இல் நாஷ்வானும் 2009-இல் சீ தி ஸ்டார்ஸும் இரண்டு மகுடங்களை வென்றபிறகும் இந்தப் பக்கம் வரவில்லை. 2012-இல் துணிந்து வந்த கேமலாட், முக்கால் உடல் நீள இடைவெளியில் என்கே என்ற குதிரையிடம் தோற்றது. வென்றிருந்தால் 42 ஆண்டுகளுக்குப் பின் மும்மகுடம். தோற்றாலும் அன்று அந்த மைதானத்தில் இருந்த பதைபதைப்பு வேறு எந்தப் பந்தயத்துக்கு வாய்க்கும்?

அக்கம்பக்கத்தைப் பாருங்கள். பிரான்ஸ், செயின்ட் லெஜருக்கு இணையான தன் ப்ரி ருவயால்-ஓக் பந்தயத்தை 1979-இல் மூத்த குதிரைகளுக்குத் திறந்துவிட்டது. அயர்லாந்து 1983-இல் அதையே செய்தது. பிறகு வின்னி ரோ என்ற ஒரே குதிரை 2001 முதல் 2004 வரை அயர்லாந்து செயின்ட் லெஜரை நான்கு முறை தொடர்ந்து வென்றது. அருமையான குதிரைதான். ஆனால் வாழ்நாளில் ஒரே ஒரு முறை கிடைக்கும் வாய்ப்பு என்பதுதானே கிளாசிக்? ஆண்டுதோறும் திரும்பி வந்து வெல்லலாம் என்றானபின் அது வேறு பந்தயம்.

வம்ச விருத்திக்காரர்கள் இன்று வேகத்தையே விலைகொடுத்து வாங்குகிறார்கள், செயின்ட் லெஜர் வென்ற பொலிகுதிரைக்கு மதிப்புக் குறைவு என்பது உண்மைதான். அதற்கு மருந்து பரிசுத்தொகையில் இருக்கிறது. மும்மகுடத்தின் மூன்று பந்தயங்களையும் வெல்லும் குதிரைக்கு, உரிமையாளர்கள் ஒதுக்கித்தள்ள முடியாத அளவுக்குத் தனிப் பரிசு அறிவியுங்கள். ஆர்க்குக்கும் இதற்கும் இடையில் மூன்று வாரமே இருப்பதுதான் பலரைத் தயங்கவைக்கிறது என்றால், தேதியை ஒரு வாரம் முன்னே நகர்த்துவது பற்றியும் பேசுங்கள். வயதிலும் தூரத்திலும் மட்டும் கைவைக்காதீர்கள்.

அன்புடன்,
குதிரைப் பந்தய வரலாற்றை நேசிக்கும் ஒரு தமிழ் வாசகர்