மூச்சுத் தசைக்கு எக்சர்சைஸ் மெஷின், இன்னும் 3,35,000 ரூபா வேணும்

எல்லாருக்கும் வணக்கம். போன மீட்டிங்ல பேசினத எழுதி போடுங்கன்னு கேட்டீங்க, பொருளாளர் அண்ணனுக்கு டைப் பண்ண வராதுன்னு வேலை என் தலையில விழுந்துருச்சு, கொஞ்சம் நீளமாதான் இருக்கும் பொறுத்துக்கங்க.

புதுசா சேர்ந்தவங்களுக்காக சொல்றேன், நம்ம கமிட்டி ஆரம்பிச்சதே ஐசியு வாசல்ல. வராண்டால பாய் விரிச்சு கெடந்த அஞ்சாறு குடும்பம், ரெண்டு பிசியோ தம்பிங்க, ரிட்டயர் ஆன ஒரு சிஸ்டரம்மா, அவ்ளோதான் ஆளு. எங்கப்பா நிமோனியாவுக்கு 19 நாள் வென்டிலேட்டர்ல இருந்தாரு. பத்தாவது நாளே எக்ஸ்ரே தெளிஞ்சிருச்சு, காய்ச்சல் இல்ல, என்னை பாத்தா புருவத்த தூக்கி காட்டறாரு. ஆனா மெஷின கழட்டி, தானா மூச்சு விடறாரான்னு பாக்க டி-பீஸ்ங்கற ஆக்சிஜன் குழாய போட்டா பத்து நிமிஷம் தாங்கல, மூக்கு விடைக்குது, தோள்பட்டை ரெண்டும் ஏறி எறங்குது, கழுத்து நரம்பு கயிறு மாதிரி பொடைக்குது, திரும்ப மாட்டிருவாங்க. இப்படி நாலு தடவ. "நுரையீரல் சரியாயிருச்சுங்க, மூச்சு விடற தசைக்குதான் தெம்பு பத்தல"ன்னு டூட்டி டாக்டர் சொன்னப்ப எனக்கு மண்டையில ஏறவே இல்ல, படுத்தே கெடந்தா கால் மெலியும், மூச்சுமா மெலியும்?

மெலியுதுங்க, அதுவும் வாரக்கணக்குல இல்ல, நாள் கணக்குல. 2008ல அமெரிக்கால வந்த ஒரு ஆராய்ச்சி, மூளைச்சாவு ஆகி உறுப்பு தானம் குடுத்த 14 பேரோட உதரவிதானத்துல, அதான் நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல குடை மாதிரி இருக்கற தசை, அதுல துணுக்கு எடுத்து பாத்திருக்காங்க. மெஷின்ல இருந்தது 18ல இருந்து 69 மணி நேரம்தான். அதுக்குள்ள தசை நார் பாதிக்கு மேல மெலிஞ்சு போச்சு. நெஞ்சுத் தசையும் எடுத்து பாத்தாங்க, அதுல பெருசா வித்தியாசம் இல்ல. அப்ப உடம்பு மொத்தமா இளைக்கல, மெஷின் யாரோட வேலைய புடுங்கிக்கிச்சோ அது மட்டும் இளைச்சிருக்கு.

அந்த தசைய மயக்கத்துல இருக்கறப்பவே வேலை வாங்கணும், கீறாம குத்தாம, அதான் ஐடியா. உதரவிதானத்துக்கு போற பிரீனிக் நரம்பு கழுத்துல 3, 4, 5 வது வேர்ல இருந்து கெளம்புது, ஆழமா இருக்கு, தோல் மேல கரண்ட் குடுத்தா பக்கத்து நரம்பும் சேந்து துள்ளி கை வெட்டி இழுக்கும். ஜெர்மனில கழுத்துக்கு ரெண்டு பக்கமும் காந்த காயில் வச்சு அந்த நரம்ப தட்டி விட்டு பாக்கறாங்க, அந்த வெலைக்கு நாம கனவு கூட காண முடியாது. அதனால உதரவிதானத்துக்கு பதிலா நம்ம பிசியோ தம்பிங்க வேலை வாங்கலாம்னு சொல்றது வயித்து தசைய. மூச்ச வேகமா வெளிய தள்றதும் இருமி சளிய எடுக்கறதும் அதுதான், ட்யூப் எடுத்தப்புறம் சளி துப்ப தெம்பு இல்லாமதான் பல பேருக்கு மறுபடி ட்யூப் போடறாங்க. வயித்துக்கு ரெண்டு பக்கமும் பேட் ஒட்டி, மூச்சு வெளிய வர்ற நேரம் பாத்து கரண்ட் குடுக்கணும், அரை மணி நேரம், ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. ஆஸ்திரேலியாலயும் ஆம்ஸ்டர்டாம்லயும் இத சின்ன அளவுல பண்ணி பாத்திருக்காங்க.

இரவல் கரண்ட் மெஷின் ஒண்ணு கொண்டு வந்தப்ப மொதல்ல என் வயித்துல ஒட்டி பாத்தோம். எறும்பு ஊர்ற மாதிரி ஆரம்பிச்சது, கொஞ்சம் கூட்டினதும் வயிறு தானா எக்கிக்கிச்சு, நான் எக்கல, அதுவா எக்குது, பேசிட்டே இருந்தவன் "ஹுக்"குன்னு நின்னுட்டேன். சிஸ்டரம்மா சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு. நாம வாங்கறதுல ஆட்டோமேட்டிக் கெடையாது, வென்டிலேட்டர் கிராஃப பாத்துட்டே தம்பி கை சுவிட்ச அழுத்தணும். நிமிஷத்துக்கு 18 மூச்சுன்னா அரை மணில 540 தடவ. ரெண்டு பேரும் பண்றோம்னு சொல்லிட்டாங்க, சம்பளம் எதுவும் கேக்கல.

இப்ப மறைக்காம சொல்ல வேண்டியது. இது இன்னும் நிரூபணமான வைத்தியம் இல்ல, அதனாலதான் ஆராய்ச்சியா பண்றோம். பேஸ்மேக்கர் வச்சவங்களுக்கு வைக்க மாட்டோம், வயித்துல ஆபரேஷன் ஆனவங்களுக்கும் இல்ல. கட்டுவிரியன் கடிச்சு மூச்சு நின்னவங்களுக்கு உதவுமான்னு போன மீட்டிங்ல ஒரு அக்கா கேட்டாங்க, உதவாதுக்கா, அந்த விஷம் நரம்பு தசையோட சேர்ற முனையிலயே கை வைக்குது, நாம கரண்ட் குடுத்தாலும் சேதி தசைக்கு போய் சேராது. தசைய தளர்த்தற மருந்து ஓடறப்பவும் அதே கதைதான்.

கணக்கு: கரண்ட் மெஷின் ரெண்டு 1,10,000. கையடக்க ஸ்கேன் மெஷின் 2,90,000, இது எதுக்குன்னா உதரவிதானம் ரெண்டு மில்லிமீட்டர் சுமார் கனம்தான், வயித்து தசையோட அதையும் அளந்து எழுதி வைக்கலன்னா நாம பண்ணது பலிச்சுதா இல்லையான்னே தெரியாது. பேட், ஜெல் எல்லாம் 80,000, ஒருத்தருக்கு ஒட்டின பேட இன்னொருத்தருக்கு ஒட்டக் கூடாது. நோயாளிங்களுக்கு இன்சூரன்ஸ் 40,000. மொத்தம் 5,20,000, கையில இருக்கறது 1,85,000.

ஆராய்ச்சி நோயாளிங்கள பாதிக்காம நடக்குமான்னு பாத்து அனுமதி குடுக்கற எத்திக்ஸ் கமிட்டியோட ஒப்புதல் லெட்டர் வராம ஒரு பேட் கூட வாங்க மாட்டோம். லெட்டர் வரலன்னா பணம் குடுத்தவங்களுக்கே திரும்ப வரும். 80ஜி ரசீது இப்போதைக்கு இல்ல, வரி விலக்குக்காக குடுக்கறவங்க இப்பவே தெரிஞ்சுக்கங்க. நூறு ரூபா குடுத்தாலும் லிஸ்ட்ல பேர் வரும், பேர் வேணாம்னா சொல்லிருங்க. பணமா முடியாதவங்க ஞாயித்துக்கிழமை ஸ்கேன் அளவுகள நோட்ல இருந்து கம்ப்யூட்டர்ல ஏத்த வரலாம், ரெண்டு ஆள் தேவைப்படும்.

அக்கவுண்ட் நம்பர் பொருளாளர் அண்ணன்கிட்ட மட்டும் கேட்டு வாங்குங்க, வேற யாரு அனுப்பினாலும் நம்பாதீங்க. கவர்ல குடுக்கறவங்க மேல பேர் எழுதுங்க, போன தடவ பேர் இல்லாம மூணு கவர் வந்து சிஸ்டரம்மா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு "உங்களுதா, உங்களுதா"ன்னு கேட்டுட்டு இருந்தாங்க.